சம்பந்தி கடைச் சரக்கு

கதவை அறையாதீர்கள். அழுத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். அந்தப் பூட்டு புதிது. ஆமாம், இப்போது சரி.

திருநெல்வேலிதானே? வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இறக்கிவிடுகிறேன். அதற்கு இரண்டு தெரு தள்ளித்தான் நான் போகிற வீடு. பொதுவாக நான் யாரையும் ஏற்றுவதில்லை. முன்பின் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சு வராது. தெரிந்தவர்களோடும் வராது, அது வேறு விஷயம். இந்த வெயிலில் கோவில்பட்டி பைபாஸில் பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், இன்றைக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போக எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ரோட்டைப் பற்றிப் பயம் இல்லை. வண்டியைப் பற்றித்தான்.

என் மகள் ஜெயரதியைத் திருநெல்வேலியில் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம் ஆகி, பையன் பிறந்து, நாற்பதும் கழிந்துவிட்டது. இன்றைக்கு அவளையும் பேரனையும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு, சாத்தூருக்கு, அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். இந்த வண்டியில்தான். வழியில் வண்டி நின்றால் அதோடு தீர்ந்தது. அப்படித்தான் என் சம்சாரம் காலையில் போனில் சொன்னாள். அவள் நேற்றே பஸ்ஸில் போய்விட்டாள். "இன்னைக்கும் வழியில நிப்பாட்டிட்டீகன்னா அவ இனிமே நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா, பாத்துக்கோங்க" என்றாள். என்னமோ போன தடவை நானே கையால் பிடித்து நிறுத்தியது மாதிரி.

நிறுத்தியது நான் இல்லை. யார் என்று சொல்கிறேன். சொன்னால் உங்களுக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும்.

இது அம்பாசடர், டீசல். நான் சாத்தூரில் ஒரு மிளகாய் மண்டியில் எடை பார்த்தவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் தராசு முள் நடுவில் நின்றால்தான் எனக்குச் சோறு இறங்கும். எங்கள் முதலாளி புதுக் கார் வாங்கியபோது இதை என்னிடம் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் டிரைவிங்கே கற்றுக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில். சிரிக்காதீர்கள். அந்த டிரைவிங் ஸ்கூலில் எல்லாரும் சின்னப் பையன்கள். வாத்தியார் சொன்னதை ஒருத்தனும் காதில் வாங்கவில்லை. நான் ஒரு வார்த்தை விடாமல் வாங்கினேன்.

வண்டி கைக்கு வந்தபோது அதில் தேயாத சாமான் என்று ஒன்று இல்லை. காலையில் லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஆகிவிட்டால் தெருவே வெள்ளைப் புகை. மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். "பழைய டீசல் அப்பிடித்தான் இருக்கும் அண்ணாச்சி. ஓடுற வரைக்கும் ஓடட்டும்." இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் குமட்டும். ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்று எப்படி ஒரு மனுஷன் சொல்வான்? பல் விழுகிற வரைக்கும் விளக்காமல் இருப்பானா?

நானே பார்த்தேன். ஹீட்டர் பிளக் நாலையும் கழற்றி, பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன். நல்லதாக இருந்தால் நுனி சிவக்கும். மூன்று சிவந்தது, ஒன்று கரிக்கட்டையாக அப்படியே இருந்தது. அதுதான் ஆள். பிறகு எஞ்சின் நொண்டுகிற மாதிரி ஓடியது. ஓடவிட்டு, டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகிற பைப் நட்டை ஒவ்வொன்றாக இளக்கினேன். நல்ல நாசில் என்றால் இளக்கியவுடன் எஞ்சின் தடுமாறும். மூன்றாவதை இளக்கினேன், எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாததை நிறுத்தினால் யாருக்கு என்ன? அதையும் மாற்றினேன். கிளம்பும்போது அடியில் 'டொக்' என்று ஒரு அடி விழும். சாக்கை விரித்துப் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தேன். முனையில் சிலுவை மாதிரி இருக்கிற மூட்டு, கிராஸ் என்பார்கள், அது ஆடியது. அதைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவின மாதிரி சிவப்பாகத் துரு. அந்தத் தூளைக் கண்டால் உள்ளே கிரீஸ் செத்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். இது யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இல்லை. தேய்ந்ததற்கு ஒரு முகம் உண்டு. உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜனங்கள் உற்றுப் பார்ப்பதில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு அடங்கவில்லை. கிளச்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. அது பிடித்தால் வண்டி போகும். கிளச்சை மிதித்தால் ஒரு பேரிங் போய் அழுத்தி அந்தத் தட்டை விடுவிக்கும். தட்டு தேய்ந்துவிட்டால் எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும், வண்டி நகராது. பேரிங் தேய்ந்துவிட்டால் கிறீச்சென்று ஒரு சத்தம். காதில் ஊசி விடுகிற மாதிரி.

முதலாளியிடம் இருந்தபோது வெயிலுமுத்து என்று ஒரு டிரைவர் இதை ஓட்டினான். பன்னிரண்டு வருஷம், ஒரே கிளச். பீடியும் கையுமாக, சீட்டில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டுவான். பார்க்கவே சகிக்காது. அவனுக்குப் பன்னிரண்டு வருஷம் தாங்கியது. அந்தக் காலத்துப் பொருள் அப்படி. என் கைக்கு வந்தவுடன் தட்டு போயிற்று, சரி, பழசு. மதுரையில் புதிது வாங்கி யாகப்பன் ஷெட்டில் மாட்டினேன். அது வருஷம் திரும்புவதற்குள் போயிற்று.

யாகப்பன் எங்கள் ஊர் மெக்கானிக். ஒரு துணி வைத்திருப்பான். அதில்தான் கை துடைப்பான், அதில்தான் ஸ்பேனர் துடைப்பான், டீ வந்தால் அதே துணியால் கிளாஸ் விளிம்பையும் துடைத்து என்னிடம் நீட்டுவான். நான் குடிப்பது மாதிரி பாவனை செய்துவிட்டு டயருக்குப் பின்னால் ஊற்றிவிடுவேன். கியர் பாக்ஸை இறக்கி, தட்டை எடுத்துக் கையில் கொடுத்தான். தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. பேரிங்கில் ஒரு கரி வளையம் இருக்கும், அது முழுக்கக் கரைந்து இரும்போடு இரும்பு உரசியிருந்தது.

"டூப்ளிகேட்" என்றேன்.

அவன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொருள் ஒண்ணும் மோசமில்லயே அண்ணாச்சி. நீங்க ஓட்டும்போது நா ஒரு தடவ பக்கத்துல உக்காந்து வரட்டுமா?" என்றான்.

எதற்கு? எனக்குப் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் ஓட்ட வராது. அதுவும் அந்த கிரீஸ் பேண்டோடு இந்த சீட்டில். கடைக்காரனுக்கும் இவனுக்கும் உள்ளுக்குள் ஏதோ ஏற்பாடு, அதனால்தான் பொருளைத் தாங்கிப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு இடம் அமைந்தது. சம்பந்தி பெயர் தங்கப்பழம். திருநெல்வேலியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. மாப்பிள்ளையும் அந்தக் கடையில்தான். பெண் பார்க்க வந்தபோதே நான் அவருடைய சட்டைக் காலரைத்தான் பார்த்தேன். அழுக்கு இல்லை. நகத்தில் கிரீஸ் இல்லை. சரி, பொருளை மதிக்கிற ஆள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். கல்யாணம் ஆன கையோடு வண்டிக்குக் கிளச் கேட்டேன். சீல் உடைக்காத பெட்டியாக, தானே கொண்டுவந்து தந்தார். தட்டு, பிரஷர் பிளேட், பேரிங், மூன்றும் ஒரு செட். "இது சீக்கிரம் போகாது சம்மந்தி" என்றார்.

போயிற்று. என்றைக்குப் போயிற்று என்பதுதான் விஷயம்.

இதோ பாருங்கள், அந்த டோல்கேட் தாண்டி ஒரு மேம்பாலம் வரும். கயத்தாறுக்குப் பக்கம். வந்தவுடன் காட்டுகிறேன். மகளுக்கு வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு இந்தப் பின்சீட்டில் உட்கார வைத்து, நானும் என் சம்சாரமும் சாத்தூருக்கு அழைத்துக்கொண்டு வருகிறோம். எதிர்ப்பக்க ரோட்டில். பாலத்தில் ஏறுகிறது வண்டி, எஞ்சின் கத்துகிறது, வண்டி பின்னால் இழுக்கிறது. ஒரு வாசம் வந்தது. மாட்டுக்கொம்பு தீய்ந்தால் வருமே, அது. சீ, நினைத்தாலே மூக்கில் ஏறுகிறது. மகள் வாந்தி எடுத்துவிட்டாள்.

மத்தியான வெயில். ஒரு மரம் கிடையாது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்துச் சுவரோரம் நிற்கிறாள். லாரி போகிற காற்றில் சேலை பறக்கிறது. போகிறவன் ஒருத்தன் விடாமல் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போகிறான். பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் தலையை விட்டு நின்றேன். கிளச்சுக்கும் பானெட்டுக்கும் சம்பந்தம் இல்லை, எனக்குத் தெரியும். வேறு எங்கே முகத்தை வைப்பது?

மகள்தான் வந்து சொன்னாள். "அப்பா, மாமா கடை சாமான்னு எதையாவது சொல்லிராதீங்க. அவங்க வருத்தப்படுவாங்க." நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டாளோ என்னமோ.

சம்பந்திக்குப் போன் போயிற்று. தன்னுடைய காரில் வந்தார். இளநீர், குடை, ஈரத்துண்டு எல்லாம் கொண்டுவந்தார். மகளை ஏற்றித் திரும்ப அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோனார். அங்கே பெரியவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து, பிள்ளைத்தாய்ச்சி பாதி வழியில் திரும்பிவிட்டால் மறுபடியும் புறப்படக் கூடாது, பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் சம்சாரமும் சரி என்றுவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லை. தொட்டில் வாங்கி, உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தேன். தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் கேட்டாயிற்று, ஏன் பிள்ளையை அழைத்துவரவில்லை என்று. என்ன சொல்வது? கிளச் போய்விட்டது என்றா?

இதுதான் அந்தப் பாலம். ஏறுகிறது, பாருங்கள். ஏறிவிடும். ம். ஏறிவிட்டது.

யாகப்பன் மறுபடியும் கழற்றினான். மறுபடியும் அதே ரிவெட், அதே கரைந்த கரி. நான் அந்தத் தட்டை ஒரு பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நிறைய இருந்தது. கடையில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சம்மந்தி, வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிக்கீங்களா?" என்றார். நான் பேப்பரைப் பிரித்துத் தட்டைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தேன். கரி கொட்டியது. யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது, அதுவும் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"சொந்தக்காரனுக்கே இப்பிடித்தான் சரக்கு குடுப்பீங்களா?"

கடையே திரும்பிப் பார்த்தது. வாங்க வந்தவர்களில் ஒருத்தன் கையில் இருந்த சாமானைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனான். நான் பார்த்தேன். மாப்பிள்ளை எழுந்தார். சம்பந்தி அவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தார். தட்டை எடுத்தார், விளிம்பைத் தடவினார், வெளிச்சத்தில் காட்டினார். தட்டு முழுக்கச் சூட்டில் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானே வந்து மாட்டித் தாரேன். ஓட்டியும் பாத்துருவோம்" என்றார். அவ்வளவுதான்.

சொன்ன மாதிரி வந்தார். புது செட்டோடு. யாகப்பனோடு சேர்ந்து தானும் அடியில் படுத்து மாட்டினார். வெள்ளை வேட்டி கட்டிவந்த மனுஷன், யாகப்பனுடைய அழுக்குக் கைலியை வாங்கிக் கட்டிக்கொண்டு. எனக்குப் பார்க்கவே கூசியது. குற்றம் இல்லாதவன் அப்படிப் படுப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில், இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில், உட்கார்ந்தார். மறுக்க முடியவில்லை. சம்பந்தியை எப்படி மறுப்பது? சாத்தூர் பைபாஸ் வரை போய்த் திரும்பினோம். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "சம்மந்தி, அந்தக் கால் வலிக்கலையா உங்களுக்கு?"

"எனக்கு ஒரு வலியும் இல்லை" என்றேன். சரக்கைப் பற்றிப் பேச வந்தவர் என் காலைப் பற்றிக் கேட்கிறார், பேச்சை மாற்றுகிறார் பாருங்கள்.

அவர் வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்து, என் சம்சாரம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அவளைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, என் சரக்குதான் சரியில்ல. சம்மந்தி சொன்னது சரி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க." கை கூப்பினார்.

ஒத்துக்கொண்டார். எவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டார் தெரியுமா? நான் எடை மேஜையில் ஒரு வாழ்நாள் உட்கார்ந்தவன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் எடையில் கல் குறைகிறது என்று மிளகாய் கொண்டுவந்த ஒரு சம்சாரி சொன்னதற்கு, மூட்டையை மூன்று தராசில் ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். இவர் ஒரு காப்பிக்குள் ஒத்துக்கொள்கிறார். அப்படியானால் எத்தனை பேருக்கு இந்தச் சரக்கு போயிருக்கும்? எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காப்பி தம்ளரை நான்தான் எடுத்துக் கழுவி வைத்தேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "மாமா மன்னிப்பு கேட்டாங்களாமே" என்றாள். ஆமாம், ஒத்துக்கொண்டார் என்றேன். அவள் அழுதாள். மாமனார் இப்படிப்பட்டவராகப் போய்விட்டாரே என்று வெட்கம் இருக்காதா? நான் அவளுக்கு ஆறுதல்கூடச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு மட்டும்தான். பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதவோரம் நின்று பார்த்தேன். கை கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது, குழாய் எங்கே என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை, இமை ஆடியது. ஆனால் நான் தூங்குகிறாள் என்றே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கும் அவள் என் வண்டியில் வர ஒத்துக்கொள்ளவில்லையாம். மாமா காரில் வருகிறேன் என்றாளாம். சம்பந்திதான், "கூடாது, உங்க அப்பா வண்டியிலதான் போகணும், அதுதான் அவருக்கு மரியாத" என்று சொல்லியிருக்கிறார். "வழியில நின்னா?" என்று கேட்டிருக்கிறாள். "நிக்காது, நானும் முன்சீட்டுல சாத்தூர் வரைக்கும் வாரேன்" என்றாராம். என் சம்சாரம் சொன்னாள். பாவம் செய்தவர் பரிகாரம் தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொறுங்கள். கேட்கிறதா?

இதோ, ஆரம்பித்துவிட்டது. கிறீச்சென்று. லேசாகத்தான், ஆனால் இருக்கிறது. மூன்றாவது பேரிங். வாசமும் வருகிறது, மோந்து பாருங்கள். கண்ணாடியை இறக்காதீர்கள், மோந்து பாருங்கள். சீ. இன்னும் கங்கைகொண்டானே வரவில்லை. இனி அங்கே போய்ப் பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இத்தனை தூரமும் திரும்பி வரவேண்டும், அந்தப் பாலம் ஏறவேண்டும். கைக்குழந்தை. என்ன மனுஷர்கள், என்ன சரக்கு, என்ன உலகம் இது.

நீங்கள் ஏன் கீழே பார்க்கிறீர்கள்?

சம்பந்தியும் இப்படித்தான் பார்த்தார். கீழே என்ன இருக்கிறது? என் கால்தான் இருக்கிறது. கிளச் மேல் இருக்கிறது. அங்கேதானே இருக்க வேண்டும். வாத்தியார் முதல் நாளே சொன்னார்: இடது கால் எப்போதும் கிளச்சில் தயாராக இருக்க வேண்டும். மற்ற பையன்கள் மறந்துபோனார்கள். நான் இன்றைக்கு வரைக்கும் ஒரு நொடி எடுத்ததில்லை. எப்போது ஆடு குறுக்கே வரும், எப்போது பஸ்காரன் பிரேக் போடுவான், யார் கண்டது? அழுத்தவில்லை. சும்மா வைத்திருக்கிறேன். பூப்போல.

என்ன? எடுக்கவா? எதற்கு?

சரி. நீங்கள் சொல்வதற்காக எடுக்கிறேன். ரோடு காலியாகத்தான் இருக்கிறது. எடுத்துவிட்டேன்.

...

வைத்துப் பார்க்கிறேன்.

...

எடுக்கிறேன்.

சத்தம் நின்றுவிடுகிறது. வைத்தால் கத்துகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. வண்டிகூட ஏதோ இழுவை விட்ட மாதிரி முன்னால் போகிறது. சும்மா வைத்தாலே அது அழுத்துகிறது என்கிறீர்கள். அழுத்தினால் தேய்கிறது. நாள் முழுக்க, மைல் முழுக்க. ம்.

கொஞ்சம் பேசாமல் வாருங்கள்.

...

இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. கண்ணில் தூசி. என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்த மனுஷன் பார்த்தார். சாத்தூர் பைபாஸ் வரைக்கும் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். கருகின தட்டைக் கடையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோதே அவருக்குப் பாதி தெரிந்திருக்கும். தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே? ஒரு வார்த்தை. 'காலை எடுங்க சம்மந்தி' என்று ஒரு வார்த்தை. யாகப்பனாவது வேற்றாள், இவர் சொந்தக்காரர். சொல்லாமல் கொள்ளாமல், என் வீட்டில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்து, என் சம்சாரத்துக்கு முன்னால் கையைக் கூப்பி, என் சரக்குதான் சரியில்லை என்கிறார். இல்லாத குற்றத்தை ஒத்துக்கொள்கிறது என்ன பழக்கம்? எடை சரியாக இருக்கும்போது குறைவு என்று சொன்னால் அதுவும் பொய்தானே? எனக்கு அதுதான் ஆகவே ஆகவில்லை. டூப்ளிகேட் விற்றிருந்தால்கூட இவ்வளவு வெறுப்பாக இருக்காது. அதை மன்னித்துவிட்டுப் போகலாம். இதை நான் என்ன செய்வது?

மகளுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அழுதிருக்கிறாள். என் சம்சாரத்துக்கும் தெரியும் போலிருக்கிறது, 'நிப்பாட்டிட்டீகன்னா' என்றாளே. எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் சொல்லவில்லை. நான் கூச்சப்படுகிற ஆள் என்று எல்லாரும் சேர்ந்து கூச்சப்பட்டிருக்கிறார்கள்.

அதோ, தாழையூத்து சிமெண்ட் புகைபோக்கி தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

யோசித்துப் பாருங்கள். அவர் முன்சீட்டில் உட்காருவார். வெள்ளை வேட்டி, அழுக்கில்லாத காலர். கீழே பார்ப்பார். கால் அங்கே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு சாத்தூர் வரைக்கும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும். என்ன பேசுவது? கடையில் ஒரு வாக்கியம் பேசினேனே, அதை எப்படித் திருப்பி எடுப்பது? அன்றைக்கு இறங்கிப் போனானே ஒருத்தன், அவனை எங்கே போய்த் தேடுவது? பழையபடியே காலை வைத்துக்கொண்டு ஓட்டினால் அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்த ஆள் சாகிற வரைக்கும் கேட்க மாட்டார், அது எனக்கு நிச்சயம். எல்லாம் அப்படியே இருக்கும். அவர் சரக்கு மோசம், நான் சரி. பாலத்தில் வண்டி மட்டும் நிற்கும். பிள்ளை அழும்.

ரவுண்டானா வந்துவிட்டது. ஓரமாக நிறுத்துகிறேன். பையை எடுத்துக்கொண்டீர்களா? கதவை அழுத்தினால் போதும்.

கொஞ்சம் இருங்கள். இறங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். கிளச்சிலிருந்து காலை எடுத்தால், எடுத்த காலை எங்கே வைத்துக்கொள்வது? எனக்கு அது பழக்கம் இல்லை. பக்கத்திலே லைட்டு டிம் பண்ணுகிற பட்டன் இருக்கிறது, அதை மிதிக்கக் கூடாது. அதற்கு இந்தப் பக்கம், தரையிலா? இப்படியா? குனிந்து பாருங்கள். கூச்சப்படாதீர்கள், நன்றாகப் பாருங்கள்.